சாய்கோடு இல்லாத நகரம்

1940 அக்டோபரில் நியூயார்க்கில் வந்து இறங்கியபோது டச்சு ஓவியர் பியட் மோந்திரியானுக்கு வயது 68. அதற்குப் பிறகு அவர் நான்கு ஆண்டுகூட வாழவில்லை. அந்தக் கொஞ்ச காலத்தில் அவர் முடித்தவற்றுள் பேர்போன படம் ‘பிராட்வே பூகி வூகி’. 1944 பிப்ரவரி முதல் தேதி இறந்தபோது முடியாமல் கிடந்தது ‘விக்டரி பூகி வூகி’. முதல் படம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாவதை 1998இல் 8 கோடி கில்டர் கொடுத்து நெதர்லாந்து வாங்கியது. அந்த விலையைக் கேட்டு அந்த நாட்டிலேயே கூச்சல் எழுந்தது. இப்படங்களைப் பற்றிப் பேசியவர்கள் பலர். ஆனால் இவற்றுக்கு முன்னால் கரித்துண்டாலும் பென்சிலாலும் அவர் போட்டுப் பார்த்த சிறிய முன்வரைவுகளை நின்று பார்த்தவர்கள் சிலர்தான். அவற்றில் காரும் இல்லை, ஆளும் இல்லை, கட்டடமும் இல்லை. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், அவற்றினிடையே தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்த இடைவெளிகள், அவ்வளவுதான். நவீன நகர வாழ்க்கையின் முன்வரைவு இதுதானா என்று கேட்கத் தோன்றும். இதுதான் என்பது என் வாதம். மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தமிழரின் நகர வாழ்வைப் படமாக்க நினைக்கும் ஒருவருக்கு இந்த வகை வரைவு தேவைப்படும் என்பதும், அந்த வரைவு ஈப்போவின் தெருக்களில் தொடங்க முடியாது, ரப்பர் தோட்டத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதும் அந்த வாதத்தின் மறுபாதி.

அரூப ஓவியர் வெளியுலகைப் பார்க்காமல் மனத்துக்குள்ளிருந்து கோடு இழுப்பவர் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. மோந்திரியானின் பாரிஸ் வரைபுத்தகங்கள் அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகின்றன. 1912 முதல் 1914 வரை அவர் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் குடியிருந்தார். அக்கம்பக்கத்தில் பழைய கட்டடங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீடு இடிந்தால் அடுத்த வீட்டின் பக்கச்சுவர் அம்மணமாக வெளியே வரும். மாடி மாடியாக இருந்த அறைகளின் சுவர்த்தாள் சதுரம் சதுரமாகத் தெரியும், புகைபோக்கியின் கறை நெடுங்கோடாக இறங்கும். மோந்திரியான் அந்தச் சுவர்களை நின்று வரைந்தார். 1914இல் முட்டை வடிவத்துக்குள் அவர் தீட்டிய ஒரு படத்தில் ‘கூப்’ என்னும் மூன்று எழுத்துகள் தெரிகின்றன. அது ஒரு சூப்புக்கட்டி விளம்பரம். தெருவே அந்தப் படத்துக்குள் எட்டிப் பார்த்த இடம் அது. படம் முடிந்த பிறகு பார்ப்பவருக்கு அது வெறும் வண்ணக் கட்டங்கள். வரைபுத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு அது யாரோ குடியிருந்து காலிசெய்த அறைகளின் வரிசை. இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் நிற்பதால்தான் முன்வரைவுக்கு மதிப்பு. எதை எடுத்தார், எதை விட்டார் என்பதற்கான சாட்சி வேறெங்கும் கிடைப்பதில்லை.

விட்டது எது என்பதை நியூயார்க் படங்களில் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். மன்ஹாட்டன் தீவின் தெருக்களை 1811ஆம் ஆண்டுத் திட்டம் சதுரங்கப் பலகைபோல் வகுத்தது. அந்த ஒழுங்கைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போவது பிராட்வே. ஐரோப்பியர் வருமுன்பே பழங்குடிகள் நடந்த தடத்தின் மேல் அமைந்த தெரு அது. மோந்திரியான் தம் படத்துக்கு அந்தத் தெருவின் பெயரைத்தான் வைத்தார். ஆனால் படத்தில் ஒரு சாய்கோடுகூடக் கிடையாது. சாய்கோட்டை அவர் கொள்கையாகவே மறுத்தவர். 1920களின் நடுவில் நண்பர் தியோ வான் டூஸ்புர்க் சாய்கோட்டைக் கொண்டுவந்தபோது அவருடைய ‘தி ஸ்டைல்’ இயக்கத்தை விட்டே விலகினார். முடியாமல் போன கடைசிப் படத்தில் துணிச்சட்டத்தையே வைரவடிவில் திருப்பினார், உள்ளே கோடுகள் மட்டும் செங்குத்தாகவும் கிடையாகவும் நின்றன. அதில் வண்ண ஒட்டுநாடாத் துண்டுகளை ஒட்டி, எடுத்து, இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒரு வகையில் கடைசிப் படம் முழுவதுமே முன்வரைவாக நின்றுவிட்டது. நகரத்தின் தாளம் அவருக்குப் பிடித்திருந்தது. தாளத்தைக் கெடுக்கும் தெருதான் பிடிக்கவில்லை. இந்தச் சாய்கோட்டு விவகாரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பேராக்கில் அது மறுபடி வரும்.

மலேசியாவில் அரூப ஓவியம் எதைப் பார்த்தது? 1958இல் தேசிய ஓவியக் கூடம் தொடங்கியது. 1967இல் கோலாலம்பூரில் ‘குருப்’ என்ற பெயரில் ஏழு பேர் சேர்ந்து காட்சி வைத்தார்கள்: சையத் அகமட் ஜமால், லத்திப் மொஹிதின், இப்ராகிம் உசேன், சியோங் லைதோங், ஜாலி கோ, அந்தோணி லாவ், யோ ஜின் லெங். இவர்களில் யோ ஜின் லெங் 1929இல் ஈப்போவில் பிறந்தவர். அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் படம் 1963ஆம் ஆண்டு ‘நெல்வயல்கள்’. ஈப்போக்காரரின் புகழ்பெற்ற படத்தில் ஈப்போ இல்லை. லத்திப் மொஹிதின் ஓயாத வரைவாளர், பெர்லினில் படித்தபோதே ‘பாகோ-பாகோ’ தொடருக்கான கோடுகளைப் போடத் தொடங்கினார், பிறகு தென்கிழக்காசியா முழுதும் சுற்றி அவற்றை வளர்த்தார். அவர் வடிவங்களில் கோயில் கோபுரமும் முளைவிடும் செடியும் ஒன்றாகிப் போயின. ஜமாலுக்கு லேடாங் மலை. இந்தத் தலைமுறையின் கண் பெரும்பாலும் மலைக்கும் வயலுக்கும் முளைக்கும் போனது. காரணம் அழகுணர்ச்சி மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலனி ஆட்சி கிராமத்தை மலாய்க்காரருக்கும், ஈயச்சுரங்கத்தையும் கடைத்தெருவையும் சீனருக்கும், தோட்டத்தைத் தமிழருக்கும் என்று பிரித்து வைத்திருந்தது. புதிதாகப் பிறந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவாகக் காட்டத்தக்க காட்சியாக இயற்கைதான் மிஞ்சியது. நகரத்தை வரைந்தால் ‘யாருடைய நகரம்’ என்ற கேள்வி வந்துவிடும். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி இன்னும் கூசவைத்தது.

அந்தக் கூச்சத்தை உடைத்தவர்கள் அரூபத்தையும் சேர்த்தே உடைத்தார்கள். 1973இல் நிர்மலா சண்முகலிங்கம் ஆற்று மாசையும் கட்டுமானக் குப்பையையும் புகைப்படத்தோடு கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு பெண் வளர்ச்சித் திட்டங்களின் கழிவை முதன்முதலாக அப்படி நேருக்குநேர் காட்டியதை நம் கலை வரலாற்றில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு ரெட்சா பியாடாசாவும் சுலைமான் ஏசாவும் சேர்ந்து நடத்திய காட்சியில் ஓவியமே இல்லை. காலிப் பறவைக்கூண்டு, பாதி குடித்த கோக்க கோலா போத்தல் போன்ற அன்றாடப் பொருள்களே இருந்தன. முந்திய தலைமுறையின் அரூபம் மேற்கிலிருந்து தோளில் சுமந்து வந்த சரக்கு என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ரப்பர் மரம் கரித்துண்டு ஓவியத்துக்குள் தலைநிமிர்ந்து நுழைய 1990களில் வோங் ஹோய் சியோங் வர வேண்டியிருந்தது. ‘புலம்பெயர்ந்தோரும் ரப்பர் மரங்களும்’ என்ற பொருளில் 1996இல் தேசிய ஓவியக் கூடத்தில் அவர் காட்சி வைத்தார். அவை பெரிய, வலுவான தாள்கள். ஆனால் குடும்பக் கதை சொல்பவை, முகங்களால் ஆனவை. தோட்டத்தின் அமைப்பை யாரும் தனியாக எடுத்து வரைந்து பார்த்ததாகச் சொல்ல முடியாது. நான் பேச விரும்புவது அந்த அமைப்பைத்தான்.

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதைப் படம் எடுக்கிறார்கள். தனியாக நிற்கும் ரப்பர் மரம் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தோட்டம் என்பது கயிறு பிடித்து, முளையடித்து, சமதரையில் நேர்வரிசையாக நட்ட நிரைகள். ஒரு வெட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 முதல் 600 மரங்கள். மரத்துக்கு மரம் நடக்கும் தூரம், நிரைக்கு நிரை திரும்பும் இடம், பால் சேரும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து நிமிர்த்தும் நேரம் எல்லாம் முன்கூட்டியே தாளில் போட்ட கணக்கு. விடியுமுன் பெரட்டு என்னும் வருகைக் கணக்கெடுப்பு. குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் கூடிப் பால் நன்றாக ஓடும் என்பதால் மனிதரின் தூக்கம் மரத்தின் பட்டைக்குக் கட்டுப்பட்டது. தொழிலாளர் குடியிருந்த லயமும் அதே கையின் வேலை. ஒரே அளவு அறைகள், ஒரே கூரை, ஒரே திசையில் வாசல். துரையின் பங்களா மேட்டில், கிராணி வீடு நடுவில், லயம் கீழே. உயரமும் இங்கே ஒரு கோடு. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டு அவசரகாலம் பிறந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் பல தோட்டங்களில் லயங்களை நெருக்கிச் சேர்த்து முள்வேலிக்குள் அடைத்தார்கள். வரைபடத்தில் ஒரு செவ்வகம் கூடியது.

இத்தனை செங்கோட்டுக்கும் கிடைக்கோட்டுக்கும் நடுவில் தோட்டத்தில் ஒரே ஒரு சாய்கோடு இருந்தது. அது வெட்டு. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. ஆகவே இடப்பக்கம் மேலாகவும் வலப்பக்கம் கீழாகவும் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். ஆழம் போதாவிட்டால் பால் குறையும், ஆழம் மிஞ்சினால் மரம் காயப்படும், அந்த இடத்தில் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. ஒவ்வொரு வெட்டிலும் சீவுவது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய பட்டை. மாதங்கள் போகப் போக வெட்டுத்தளம் இறங்கிக்கொண்டே வரும், மேலே பழைய சாய்வுகளின் தழும்பு நிற்கும். ஒரு மரத்தின் வெட்டுத்தளம் ஒருவர் உழைத்த நாள்களின் பதிவேடு. தோட்டத்தின் மற்ற எல்லாக் கோடுகளும் கம்பெனி போட்டவை. சாய்கோட்டின் பாகையும் கம்பெனி விதித்ததுதான் என்றாலும் அதை ஒவ்வொரு விடியலிலும் போட்டது தொழிலாளியின் மணிக்கட்டு. மோந்திரியான் விலக்கிய கோடு பேராக்கில் கூலிக்காரரின் கையெழுத்தாக இருந்தது. பேராக்கின் நவீன வாழ்வுக்கு ஒரு முன்வரைவு போட்டால் நியூயார்க் படத்தை அப்படியே பின்பற்ற முடியாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாத் தோட்டமும் சதுரம் சதுரமாக இல்லையே, மலைச்சரிவில் மண்ணரிப்பைத் தடுக்கப் படிப்படியாக வளைத்து நட்டார்களே என்று தோட்டம் அறிந்தவர்கள் திருத்துவார்கள். உண்மைதான். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஓரங்களில் அப்படித்தான். ஆனால் வளைந்த வரிசையும் அளந்து வகுத்த வரிசையே. சாய்வெட்டு அங்கும் மாறவில்லை.

தோட்டத்துக்குப் பிறகுதான் நகரம். 1892ஆம் ஆண்டுத் தீ ஈப்போவின் பெரும்பகுதியை எரித்தது. மறுபடி கட்டியபோது தெருக்களை ஒழுங்கான கட்டங்களாகப் போட்டார்கள். கிந்தா ஆற்றின் அக்கரையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுநகரம் எழுந்தது. கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி நடைபாதை, மேலே ஒரே மாதிரிச் சன்னல்கள். தோட்டத்திலிருந்து சம்பள நாளில் வண்டியேறி வந்தவருக்கு இந்தக் கட்டங்கள் புதியவை அல்ல. அவர் ஏற்கெனவே கட்டத்துக்குள் வாழ்ந்தவர். நகரவாழ்வு என்றால் வேகமும் நெரிசலும் என்று நினைப்பது ஐரோப்பிய நகரங்களைப் பற்றிப் படித்துப் பழகியதால் வந்த பழக்கம். மணிக்குக் கட்டுப்பட்ட வேலை, அளந்த குடியிருப்பு, எண் போட்ட வயல், எழுதிவைத்த வருகை ஆகியவை நவீன வாழ்வின் அடையாளம் என்றால், பேராக் தமிழர் காட்டுக்குள்ளேயே நகரவாசியாகிவிட்டார். லகாட் சாலையின் குட்டி இந்தியாவுக்கும் புந்தோங்குக்கும் வந்தபோது அவருக்குக் கிடைத்தது ஒழுங்கின் தளர்ச்சி. ஐந்தடி நடைபாதையில் பூக்கடையும் நாளிதழ்க் கடையும் கோட்டைத் தாண்டிப் பரவிக் கிடந்தன.

அதன்பிறகு நடந்ததையும் கோடுகளாகவே சொல்லலாம். 1985இல் ஈயச் சந்தை சரிந்தது. 1988 மே 27இல் ஈப்போ மாநகரானது. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது, தோட்டங்களை ஊடறுத்து. ரப்பர் போன இடங்களில் செம்பனை வந்தது. செம்பனையை முக்கோணக் கணக்கில், ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். ஆக நிலத்தின் திட்டத்துக்குள் சாய்கோடு இப்போது கம்பெனிக் கோடாக நுழைந்துவிட்டது, மரத்தின் மேல் இருந்த சாய்கோடு அழிந்துபோனது. வேறு சில தோட்டங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளாயின. 20 அடி அகல வரிசை வீடுகள், முன்னால் ஒரு கார் நிற்கும் இடம். லயத்தைவிட வசதிதான், மறுக்கவில்லை. மேலேயிருந்து பார்த்தால் வரைபடத்தில் வேறுபாடு அதிகமில்லை என்பதை ஒரு முன்வரைவு ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும். எழுத்துக்கு அதைச் சொல்ல ஓர் அத்தியாயம் வேண்டும்.

இங்கே வரும் பெரிய மறுப்பு அறம் சார்ந்தது. தோட்ட மக்களின் வரலாறு பசியும் அவமானமும் கலந்தது, அதைக் கோடுகளாக்குவது அவர்களை இரண்டாம் முறை அழிப்பதாகாதா? கேள்வி நியாயமானது. இந்திய ஓவியர் ராம் குமாரின் கதை இதற்கு ஓரளவு பதில் தருகிறது. 1924இல் சிம்லாவில் பிறந்து, பாரிஸில் ஆந்திரே லோட்டிடமும் ஃபெர்னான் லெஜேயிடமும் படித்த அவர் இந்திச் சிறுகதையாசிரியரும்கூட. 1950களில் வேலையில்லாத நகரத்து இளைஞர்களின் வாடிய முகங்களையே வரைந்தார். 1960இல் இந்திய ஓவியர் எம். எஃப். உசேனோடு காசிக்கு வரையப் போனார். படித்துறைகளில் எந்நேரமும் கூட்டம். திரும்பி வந்து அவர் தீட்டிய காசியில் மனிதரே இல்லை. ஒன்றன்மேல் ஒன்று சரிந்து நிற்கும் வீடுகளும் நீரும் சாம்பல் நிறமும்தான். முகம் வரையத் தெரியாதவர் முகத்தை விடவில்லை, வரைந்து பழகியவர் விட்டார். முகங்களைப் பார்த்தால் நமக்கு இரக்கம் வந்து, இரக்கத்தோடு வேலை முடிந்துவிடும். வீடுகளின் சாய்வைப் பார்த்தால் இது ஏன் இப்படிச் சரிந்தது என்று கேட்கத் தோன்றும்.

தோட்டத் தமிழருக்கு முகம் கிடைக்காமல் போகவில்லை. அகிலன் மலேசியா வந்துபோன பிறகு எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ தொடங்கி மலேசியத் தமிழ்க் கதைகளில் பாதிக்கு மேல் தோட்டத்துக் கண்ணீர்தான் என்று சலித்துக்கொள்ளும் வாசகர்கள் உண்டு. சலிப்பு மிகை, ஆனாலும் காரணமில்லாமல் வரவில்லை. நெற்றியில் விளக்கும் தோளில் பால்வாளி சுமக்கும் காண்டாக் கம்புமாக ஓர் உருவம் நிலைபெற்று, பார்த்ததும் புரிந்துவிடும் சின்னமாகிவிட்டது. புரிந்துவிடுவதாலேயே யாரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. கோட்டு வரைவு கூலியையும் கங்காணியையும் சங்கப் போராட்டத்தையும் சொல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு எழுத்துதான் வேண்டும். ஆனால் அந்தக் கூலியை விதித்த ஒழுங்கு எப்படி இருந்தது என்பதைக் கண்ணுக்குக் காட்ட எழுத்தால் ஆகாது.

ஈப்போவுக்குத்தான் கேலிச்சித்திரக்காரர் லாட் இருக்கிறாரே, சுவரோவியங்கள் இருக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. லாட்டின் ‘டவுன் பாய்’ (1981) பெரிய சாதனை. கோப்பெங் அருகே பிறந்து ஈப்போவில் வளர்ந்தவரின் கையில் ஊர் முழுதும் சிரித்துக்கொண்டே உயிர்பெறுகிறது. அதன் இரட்டைப்பக்கத் தெருக்காட்சிகளை எந்த அரூப வரைவும் ஈடுசெய்யாது, ஈடுசெய்யவும் வேண்டாம். அது ஒரு சிறுவனின் நகரம், ஒழுங்கை மீறி ஓடுபவனின் நகரம். சுவரோவியங்களின் கதை வேறு. 2014இல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சகாரெவிச்சைக் கொண்டு ஒரு காப்பி நிறுவனம் பழைய நகரத்துச் சுவர்களில் படங்கள் வரைய வைத்தது. காப்பிக் கோப்பையோடு ஒரு முதியவர், பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பி, காகித விமானம். கை நல்ல கை. ஆனால் அந்தச் சுவர்கள் படம் வருமுன்பே நிறைய பேசின. மங்கிய விளம்பர எழுத்து, அடைத்த சன்னல், பக்கத்து வீடு போன பிறகு தெரியும் மாடிப்படியின் தடம். பாரிஸில் மோந்திரியான் நின்று வரைந்தது இதே வகைச் சுவரைத்தான். அவர் சுவரைப் படித்தார், நாம் சுவரின் மேல் இனிப்புத் தடவினோம். படமெடுக்கும் கூட்டம் வந்தது, வாடகை ஏறியது, ஏக்கம் வியாபாரமானது. பத்துகாஜா அருகே கெல்லியின் கோட்டையும் இப்படித்தான். சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர் கட்டி, 1926இல் முதலாளி இறந்ததால் அரைகுறையாக நின்ற மாளிகை பாதுகாக்கப்படுகிறது. அவருடைய ரப்பர் தோட்டத்தில் உழைத்தவர்களின் லயங்களைத் தேடி யாரும் சீட்டு வாங்குவதில்லை.

கடைசியாக, அரூபம் நமக்கு அந்நியம் என்ற மறுப்பு. பியாடாசாவும் ஏசாவும் 1974இல் சொன்னதை இன்று வேறு மொழியில் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாகப் புள்ளிக்கோலத்தைக் காட்டி ‘எங்களிடம் எப்போதோ உண்டு’ என்று முடித்துக்கொள்வது தமிழ் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. கோலம் வீட்டுப் பெண் தன் வாசலில் தானே விரும்பிப் போடும் ஒழுங்கு. நான் பேசும் வரைவு வெளியிலிருந்து சுமத்திய ஒழுங்கை அளப்பது. இரண்டையும் குழப்பினால் தோட்டத்துக் கட்டங்களும் நம் பண்பாட்டு அழகாகிவிடும் ஆபத்து இருக்கிறது. நேர்கோடு வெளியிலிருந்து வந்தது என்பது சரி. ரப்பர் மரமும் வெளியிலிருந்துதான் வந்தது, அந்த நேர்கோட்டுக்குள் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தாயிற்று. வாழ்ந்த கோட்டை வரைய யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அப்படி வரைய வருபவருக்கு மூலப்பொருள் வேகமாகக் குறைந்துவருகிறது. தோட்டம் கைமாறும்போது அலுவலகத் தாள்களும் போய்விடுகின்றன. வயல் எண் போட்ட வரைபடம், லயங்களின் அமைப்புத் திட்டம், பெரட்டுப் புத்தகம் எல்லாம் பழைய தாள் விலைக்குப் போகின்றன. பேராக்கில் 130க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தோட்டம் மறைந்த பிறகும், நகரத்துக்கு இடம் மாறிய பிறகும், தோட்டத்தின் பெயரையே சுமக்கின்றன. அந்தப் பள்ளிகளில் ஓவிய வகுப்பு நடத்துவோர் மாணவரிடம் சூரியோதயத்தையும் தேசியக் கொடியையும் வரையச் சொல்வதோடு, பள்ளியின் பெயரில் உள்ள தோட்டத்தின் அமைப்பைப் பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரைந்துவரச் சொல்லலாம். லயம் எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம், ஆற்றுக்கு எத்தனை நிரை என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் தோட்டத்து வரைபடமோ, கிராணிக் கணக்கோ, தேய்ந்துபோன உளியோ கிடந்தால் வெளியே போட்டுவிடாதீர்கள். தாள்களுக்கு ஒரு நகலாவது எடுத்துப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொடுத்துவையுங்கள்.